திறந்து வைக்கப்படாத நீலம்

பெம்பான் வட்டாரத்தில் கல்யாணமோ கருமாதியோ, தங்கராஜுவின் கூடாரம் இல்லாமல் நடந்ததில்லை. அந்த ஊரில் பிறந்தவன் எத்தனை விருந்துக்கு உட்கார்ந்தாலும் தங்கராஜுவின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். தொழில் அவருடையது. குரல் அவர் மனைவி திலகாவுடையது. திடலின் ஒரு மூலையில் நின்றுகொண்டு, "அந்தக் காலு கோணலா இருக்கு, பாரு!" என்று அவள் போடும் சத்தத்துக்கு, மறுமூலையில் இருக்கும் கூடாரக் கால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும் என்று ஆட்கள் சொல்வார்கள்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது தங்கராஜு முதலில் சந்தோஷப்பட்டார். மறைப்பதில் பயனில்லை, கல்யாணமான நாள் முதல் அவர் காதுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது. ஆனால் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும்போது அவளுக்குச் சங்கிலியை மாட்டிவிடப் போனவர் விரலில், கழுத்தின் இடப்பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். அதோடு சந்தோஷம் போய்விட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். தூக்கம் இல்லாத கண்ணோடு கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"முன்னயெல்லாம் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்போம் அண்ணே. இப்ப அத நிறுத்தச் சொல்லிட்டாங்க. புது முறை வந்துருச்சி. பாயா ரும்புட்ல அதுக்குன்னே மையம் கட்டியிருக்காங்க, ரத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவாங்களாம்."

"வந்துருச்சா டாக்டர்?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "வந்துகிட்டிருக்கு. பழசு போயிருச்சி, புதுசு வந்துகிட்டிருக்கு. நீங்க நடுவுல வந்துட்டீங்க."

தனியாரில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று தங்கராஜு கேட்டார். பார்க்கலாம், ஆனால் ஊசியை நிறுத்திய இடத்தில் ஊசியின் முடிவை எப்படி ஏற்பது என்றார் டாக்டர். ஆபரேஷன் உட்பட எல்லாவற்றையும் தனியாரிலேயே செய்வதென்றால், லோரியையும் கூடாரங்களையும் விற்றால் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு எதைத் தின்பது என்பது வைத்தியத்தில் சேராத விஷயம்.

"கவலப்படாதீங்க. கெட்ட கட்டின்னு அவங்க முடிவு அனுப்பினா, அன்னைக்கே ஆபரேஷன் தேதி குடுத்துருவேன். சீக்கிரம் எடுத்துட்டா பயமே இல்ல. லேட்டாக்குனாத்தான் சுசா, கஷ்டமாயிரும்."

பாயா ரும்புட்டில் இருந்த மூலக்கூறு முன்னறி மையத்தைப் பார்த்ததும் தங்கராஜுவுக்கு மரியாதை வந்தது. முழுக்கக் கண்ணாடி. வாசலில் நீரூற்று. உள்ளே சோபாக்களுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை; உட்கார்ந்தால் சத்தம் கேட்டது. காவலாளி அவர்கள் இருவரின் கைப்பேசிகளையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டான். ஏனென்று கேட்டதற்கு, பெட்டி வாங்கியிருக்கிறார்கள் என்றான்.

ரத்தம் எடுத்தவள் உஷாந்தி என்ற இளம் ஆய்வாளர். சிலோன்காரர் வீட்டுப் பெண். புது ஆட்களைப் பார்த்துப் பல நாளானதுபோல ஆசையாகப் பேசினாள். தங்கராஜுவின் தொழிலைக் கேட்டதும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அப்ப உங்களுக்கு லேசா புரியும் அங்கிள். இந்தக் குழாயில டி.என்.ஏ. இழைங்க மிதக்குது. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்னும் மடிச்சிக் கட்டிப்போட்ட கூடாரக் கம்பி மாதிரி. சும்மா கெடக்கும், ஒன்னோட ஒன்னு சேராது. கெட்ட கட்டியா இருந்தா, அதுலேர்ந்து ஒரு சின்னத் துண்டு ரத்தத்துல கசியும். அந்தத் துண்டு வந்து முதல் கம்பியில மாட்டினா, அது விரியும். விரிஞ்ச கம்பி அடுத்தத விரிக்கும். அது அடுத்தத. அப்படியே தானா ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு எழும்பிடும். எழும்பினா தண்ணி நீலமாயிரும்."

"ஆளுங்க வேணாமா?"

"ஒரு ஆளும் வேணாம்."

"யாரும் நின்னு கத்த வேணாமா?" என்றாள் திலகா, கம்மிய குரலில்.

உஷாந்தி சிரித்துக்கொண்டே, சுத்தம் செய்த ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்துக் குழாயில் விட்டாள். ஒரு கிளாஸ் தே தாரேக் டீ ஆறுகிற நேரம்தான் போயிருக்கும். அடியில் மெல்ல ஒரு நீலம் தெரிந்தது. பிறகு குழாய் முழுக்க நீலமாகிவிட்டது. யாரும் கத்தவில்லை, யாரும் கம்பி தூக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கூடாரம் போட்ட தங்கராஜு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

உஷாந்தி ஒரு சின்னக் கூச்சல் போட்டாள். முதல் நிஜ நோயாளி. இத்தனை வருட உழைப்பு. பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தாள். "சாரி ஆண்டி," என்று திலகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. இப்பவே முடிவு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன். சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம்."

கூச்சல் கேட்டுத்தான் மையத்தின் இயக்குநர் டாக்டர் இராஜரட்ணம் உள்ளே வந்தார். வெள்ளை முடி, கழுத்துப்பட்டி, நிதானமான யாழ்ப்பாணத் தமிழ்.

"என்ன இது?"

"பொசிட்டிவ் சேர்! வேலை செய்யுது!"

"அதை நான் கேட்கேல்லை. இது ஆரைக் கேட்டு நீலமானது?"

"இழைங்க தானா சேருது சேர். யாரையும் கேக்காது."

இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இந்த ஆராய்ச்சியில எனக்குத் தொடக்கத்தில இருந்தே பிடிக்காத பகுதி அதுதான்," என்றார்.

பிறகு அவர் தங்கராஜுவிடம் மிகக் கனிவாகப் பேசினார். அந்தக் கனிவைத்தான் தங்கராஜுவால் கடைசிவரை தாண்ட முடியவில்லை.

"பாருங்கோ, ஒரு விசயம் நடக்கிறது வேற, நடந்ததாக இருக்கிறது வேற. இந்த முறையை மாண்புமிகு அமைச்சர் இன்னும் திறந்து வைக்கேல்லை. திறந்து வைக்காத பாலத்தில நீங்கள் நடந்து போனால், அக்கரைக்குப் போனதாகக் கணக்கில்லை. விளங்குதோ?"

"ஆனா கால் அக்கரையில இருக்குமே டாக்டர்?"

"இருக்கும். கணக்கில இராது."

விஷயம் இதுதான். திறப்பு விழாவில் மாண்புமிகு ரிப்பன் வெட்டப் போவதில்லை. அது பழைய பாணி. மேடையில் அவர் தம் கையாலேயே குழாயில் ஒரு சொட்டு விட வேண்டும், அது எல்லார் கண் முன்னாலும் நீலமாக வேண்டும். அப்படி நீலமாகிற ரத்தம் கிடைக்காமல்தான் இத்தனை காலம் விழா தள்ளிப் போனது.

"உங்கட மனைவி எங்களுக்குக் கிடைச்ச பாக்கியம்," என்றார் இயக்குநர். "மிச்ச ரத்தத்தை விழாவுக்கு ஒதுக்கி வைக்கிறம்."

"நன்றிங்க," என்றாள் திலகா, பழக்கத்தில்.

"அப்ப முடிவு?" என்றார் தங்கராஜு.

"விழா மேடையிலேயே. இப்பவே சொல்லிவிட்டால் மாண்புமிகு வந்து என்னத்தைச் சொல்லுறது?"

உஷாந்தி அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் முடிவை எழுதி அனுப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கணினி அதைத் திருப்பி அனுப்பியது. திறந்து வைக்கப்படாத மையம் அதன் பட்டியலில் இல்லையாம். தங்கராஜு நேரில் போய் டாக்டரிடம் சொன்னார்.

"நீலமா மாறுச்சி டாக்டர். கண்ணால பாத்தேன்."

"நான் நம்புறேன் அண்ணே. ஆனா நம்பிக்கைக்கெல்லாம் ஆபரேஷன் தேதி குடுக்க முடியாது."

இந்த இடத்தில்தான் தங்கராஜு அவர் தொழிலில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். எத்தனையோ கல்யாணம் பார்த்தவர் அவர். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் முறைத்துக்கொண்டு, நடக்குமா நடக்காதா என்று இழுத்துக்கொண்டிருக்கும். வாசலில் கூடாரம் எழும்பிவிட்டால் போதும், நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு தாலி கட்டாமல் யாரும் எழுந்து போக முடியாது. கூடாரம் போட்ட எந்த விழாவும் நடக்காமல் நின்று அவர் பார்த்ததில்லை. ஆகவே மையத்துக்குப் போய், விழாக்களைக் கவனிக்கும் அதிகாரி றெஜினாவைப் பார்த்தார்.

"மேடம், கூடாரம், நாற்காலி, மேடை, எல்லாம் நான் போட்டுத் தர்றேன். காசு வேணாம். சீக்கிரம் வச்சிருங்க."

றெஜினா இடுப்பில் வாக்கிடாக்கியும் கையில் விசிறியுமாக இருந்தாள். "அச்சா! இப்படி நாலு பேரு இருந்தா நாடு எங்கயோ போயிரும் லா," என்றாள்.

திலகா விசிலோடு வந்தாள். குரல் எட்டாததால் கடையில் ஒரு விசில் வாங்கி வைத்திருந்தாள். ஒரு ஊதல் என்றால் தூக்கு, இரண்டு என்றால் நிறுத்து. மையத்தின் முன்னால் கூடாரங்கள் வரிசையாக எழும்பின. சிவப்பு நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு றெஜினா வந்து, மாண்புமிகு ஆய்வுப் பயணமாக வெளிநாடு போயிருப்பதாகச் சொன்னாள். என்ன ஆய்வு என்று தங்கராஜு கேட்டார். விழாக்களைச் சிக்கனமாக நடத்துவது எப்படி என்பது பற்றி.

கூடாரத்தைப் பிரிக்கலாமா என்றால், வேண்டாம், எந்த நேரமும் திரும்பி வரலாம் என்றாள். மழை வந்தது. கூடாரங்கள் அங்கேயே நின்றன. கல்யாணத்துக்குக் கேட்டு வந்த இரண்டு வீட்டாரைத் தங்கராஜு செலண்டார் ஊரில் இருந்த வேறு ஆளிடம் அனுப்பி வைத்தார்.

மாண்புமிகு திரும்பி வந்தபோது வேறொரு சிக்கல். விழாவின் நிறம் ஊதா என்று முன்பே முடிவாகி, வளைவும் பலூனும் பரிசுப் பைகளும் ஊதாவில் வந்து இறங்கிவிட்டன. இதற்கென்று ஒரு குழு கூடி, குழாய் நீலத்துக்குப் பதில் ஊதாவாக மாற முடியுமா என்று உஷாந்தியைக் கேட்டது. முடியாது என்றாள். முயற்சி செய்தீர்களா என்று கேட்டது. அந்த நிறம் சாயத்தின் குணம், தன் கையில் இல்லை என்றாள். மையத்தில் ஒத்துழைப்பு மனப்பான்மை குறைந்து வருகிறது என்று குழு வருத்தம் தெரிவித்து, வளைவு முதல் பலூன் வரை நீலத்தில் புதிதாகச் செய்யச் சொல்லிக் கலைந்தது. கூடாரத் திரைகளையும் நீலமாக்க வேண்டும் என்றாள் றெஜினா. திலகா ராப்பகலாக உட்கார்ந்து திரை தைத்தாள். குனிந்து தைக்கும்போது கட்டி தொண்டையை அழுத்துவதாகச் சொன்னாள். தங்கராஜுவுக்கு அழுகை வந்தது. திரை அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"வேற ரத்தம் எடுத்து அனுப்பலாமே டாக்டர்?" என்று இயக்குநரைக் கேட்டார்.

"பதிஞ்ச ரத்த மாதிரி பதிஞ்சதுதான். அதே ஆளுக்கு இரண்டாவது மாதிரி எடுக்கிறதென்றால் முதல் மாதிரியில சந்தேகம் என்றாகும். மாண்புமிகுவின் கையில சந்தேகமான மாதிரியைக் குடுக்கேலுமோ?"

அடுத்தது ஒத்திகை. "ஒத்திகை இல்லாம மாண்புமிகு முன்னாடி எதையும் வைக்க முடியாது லா," என்றாள் றெஜினா. "முன்ன ஒரு ஆபீஸ்ல கத்தரிக்கோல் ரிப்பன வெட்டல. அந்த ஆபீஸர் இப்ப எங்க இருக்காருன்னு அவர் பொண்டாட்டிக்கே தெரியாது."

உறைவிப்பானிலிருந்து திலகாவின் ரத்தம் வந்தது. மையத்தின் கார் ஓட்டுநர் மாண்புமிகுவாக நடித்தார். ஒரு சொட்டு விட்டார். தே தாரேக் ஆறுகிற நேரத்தில் நீலமானது. "கைதட்டுங்க!" என்றாள் றெஜினா. கைதட்டல் பலமாக இல்லை என்று இன்னொரு முறை. நீலம். வெளிச்சம் சரியில்லை என்று மறுநாள். நீலம். புகைப்படக்காரர் புதியவர் என்று அடுத்த வாரம். நீலம். ஓட்டுநருக்குப் பழகிப்போய், சொட்டு விடுவதற்கு முன் இரண்டு வார்த்தை பேசவும் ஆரம்பித்தார். திலகாவுக்கு நோய் இருப்பது அத்தனை முறையும் உறுதியானது, அத்தனை முறையும் கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த திலகாவும் தட்டினாள். எல்லாரும் தட்ட வேண்டும் என்று றெஜினா சொல்லியிருந்தாள்.

ஒத்திகைகள் முடிந்தபோது உஷாந்தி தங்கராஜுவைத் தனியாகக் கூப்பிட்டாள். குழாயின் அடியில் கடைசிச் சொட்டுகள்தான் மிச்சம் இருந்தன. "இது போதும் அங்கிள். ஆனா ஐஸ்லயே இருக்கணும். வெயில்ல வச்சா அந்தத் துண்டு சிதைஞ்சிரும். அப்புறம் இழைங்களுக்கு அடையாளம் தெரியாது."

விழா ஒருவழியாக வந்தேவிட்டது. வாசலில் இருபுறமும் பூங்கா மாங்கார் என்ற காகிதப் பூங்கொத்துக் கம்புகள், கொம்பாங் மேளம் அடிக்கும் குழு, மேசை நிறைய நீல நிறத்தில் புளுட் பலகாரம். விருந்தினர்கள் காலை எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. ஆகவே மேடையில் திலகாவின் ரத்தமும் எட்டு மணிக்கே வந்துவிட்டது. வெள்ளித் தட்டு, நீல வெல்வெட் துணி, நடுவில் குழாய். உஷாந்தி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

றெஜினா தடுத்தாள். "இது மீன்காரன் பெட்டி மாதிரி இருக்கு லா. போட்டோவுல விழும்."

"கெட்டுப்போயிரும் மேடம்!"

"மாண்புமிகு வந்துகிட்டே இருக்காரு."

மாண்புமிகு வழியில் ஒரு பேருந்து நிறுத்தத்தைத் திறந்து வைக்கப் போயிருந்தார். அங்கே பேருந்து வரத் தாமதமாம். பேருந்து வராமல் நிறுத்தத்தை எப்படித் திறப்பது? வெயில் ஏறியது. கூடாரத்துக்குள் இருந்தவர்களுக்கு நிழல் இருந்தது. திறந்த மேடையில் வெள்ளித் தட்டு மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. தங்கராஜு ஒரு குடையை எடுத்துக்கொண்டு மேடை ஏறப் போனார். நெறிமுறைப்படி மாண்புமிகுவுக்கு முன்னால் யாரும் குடை பிடிக்கக் கூடாது என்று இறக்கிவிட்டார்கள். கீழே இறங்கி நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கொம்பாங் பையன்கள் தூங்கிப்போன பிறகு மாண்புமிகு வந்தார். பேசினார்.

"இந்த இழைகள் யாரும் சொல்லாமல் தாமாகவே ஒன்று சேர்கின்றன என்று இயக்குநர் சொன்னபோது நான் மெய்சிலிர்த்தேன். பிறகு யோசித்தேன். யாரும் சொல்லாமல் சேர்வது ஆபத்தல்லவா? இன்று இழைகள் சேரும், நாளை மக்கள் சேர்வார்கள். ஆகவே இனிமேல் இந்த இழைகள் என் அலுவலகத்தின் வழிகாட்டுதலோடு தாமாகவே சேரும் என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். நோயை முன்கூட்டியே கண்டறிவதுதான் முக்கியம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நானே தாமதமாகத்தான் வந்தேன், அதனால் தாமதத்தின் அருமை எனக்குத் தெரியும்."

கைதட்டினார்கள். அவர் சொட்டு விட்டார்.

குழாய் தெளிவாக இருந்தது. அறிவிப்பாளர் ஒரு பந்துன் கவிதை சொன்னார். தெளிவாக இருந்தது. இன்னொரு பந்துன். அவருக்குத் தெரிந்த பந்துன் எல்லாம் தீர்ந்தன. தே தாரேக் ஆறி, ஆடை படிந்திருக்கும். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இயக்குநர் றெஜினாவைப் பார்த்தார். றெஜினா விளக்குக்காரனைப் பார்த்தாள். மேடை முழுக்க நீல வெளிச்சம் பாய்ந்தது. மாண்புமிகு நீலமானார், இயக்குநர் நீலமானார், வெள்ளித் தட்டு நீலமானது, குழாயும் நீலமானது. கைதட்டல் பாயா ரும்புட் பசார் வரைக்கும் கேட்டிருக்கும். கொம்பாங் பையன்கள் திடுக்கிட்டு எழுந்து அடித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் இயக்குநர் தங்கராஜுவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள்! குழாய் நிறம் மாறேல்லை. உங்கட மனைவிக்கு ஒன்றும் இல்லை."

"டாக்டர், அன்னைக்கு நீலமாச்சி. நீங்களும் பாத்தீங்க. ஒத்திகையில எத்தனை தடவ ஆச்சி!"

"அதெல்லாம் திறப்பு விழாவுக்கு முந்தி. செல்லாது. இன்றைக்கு நடந்ததுதான் முதல் அதிகாரபூர்வ முடிவு. ஆஸ்பத்திரிக் கணினிக்குப் போயிட்டுது. பாருங்கோ, எவ்வளவு வேகம்!"

பக்கத்தில் நின்ற உஷாந்தியின் கண் கலங்கியிருந்தது. "மாதிரி வெயில்ல கெட்டுப்போச்சின்னு எழுதணும் சேர்."

"கெட்டுப்போன மாதிரியை மாண்புமிகுவின் கையில குடுத்தம் என்று எழுதச் சொல்லுறீரோ, பிள்ளை?"

"அப்ப புதுசா ஒரு தடவ எடுங்க," என்றார் தங்கராஜு. குரல் அவருக்கே கேட்கவில்லை. "இப்பவே எடுங்க. இங்கதானே இருக்கா."

"நோய் சந்தேகம் உள்ள ஆக்களை ஆஸ்பத்திரி அனுப்பினால்தான் நாங்கள் எடுப்பம். நோய் இல்லை என்று முடிவான ஆளை ஆஸ்பத்திரி எப்படி அனுப்பும்?" இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். "நல்ல செய்திக்கு இப்படி முகத்தைத் தூக்கி வைக்கிற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்."

தங்கராஜு அங்கிருந்தே ஆஸ்பத்திரி டாக்டரைப் போனில் கூப்பிட்டார். டாக்டர் கணினியில் திலகாவின் பெயரைத் தேடிப் பார்த்தார். "கணினியில சுத்தம்னு வந்துருச்சி அண்ணே. பேரு சந்தேகப் பட்டியல்லேர்ந்து தானா எடுபட்டுப்போச்சி. நான் கை வைக்கல, தானாவே," என்றார்.

கூட்டம் கலைந்துவிட்டது. வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகளுக்கு நடுவில் திலகா தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலப் பரிசுப் பை, கையில் கடிக்காத நீலப் புளுட். விழுங்க முடியாமல் வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆட்கள் கூடாரத்தைப் பிரிக்க அவள் விசிலுக்காகக் காத்து நின்றார்கள். அவள் கண்ணாலேயே, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

தங்கராஜு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை எது என்றும் இப்போது அவருக்குத் தெரியவில்லை. அதனால் சொன்னதையே சொன்னார்.

"உனக்கு ஒன்னும் இல்லையாம்."

திலகா அவர் கையை எடுத்துத் தன் கழுத்தின் இடப்பக்கம் வைத்தாள். கொட்டைப்பாக்காக இருந்தது எலுமிச்சம்பழமாகியிருந்தது. அவள் உதடு அசைந்தது. ஒரு காலத்தில் திடலின் மறுமூலைக்குக் கேட்ட அந்தக் குரலைக் கேட்க, அவர் காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அப்ப இது யாருதுங்க?"